கட்டியின் கரையில் நிற்கும் செல்கள்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவின் நுரையீரல் கட்டி பற்றிய பயாப்ஸி அறிக்கையில் "நிணநீர் செல்கள் திரளாக உள்ளன" என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்க்க வேண்டிய செல்கள் அத்தனை இருந்தும் கட்டி ஏன் வளர்கிறது? அவை உள்ளே செய்வதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

ச.

அன்புள்ள ச.,

அம்மா நலம்பெற மனமார வேண்டுகிறேன். அவருடைய அறிக்கைக்கு அவரது மருத்துவர்தான் பொருள் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கேள்வி மிகச் சரியானது.

பார்க்க வழி உண்டு. 2012-இல் பாரிசின் கோஷான் ஆய்வு நிறுவனத்தில் எம்மானுவேல் டொனாடியூவின் குழு, நோயாளிகளிடமிருந்து அகற்றிய நுரையீரல் கட்டியை உயிர்ப்போடு இருக்கும்போதே மெல்லிய துண்டங்களாகச் சீவியது. நிணநீர் செல்களில் ஒருவகையான டி செல்களுக்கு ஒளிரும் சாயமேற்றி அவற்றின்மேல் விட்டு, அவை ஊர்வதை நுண்ணோக்கியில் படமெடுத்தது. புற்றுசெல்கள் தீவுதீவாகக் கூடியிருந்தன. தீவுகளைச் சுற்றிக் கொலாஜன் என்னும் புரத இழைகள் நெருக்கமாக, கரையை ஒட்டியே ஓடின. இழைகள் தளர்ந்த இடங்களில் விரைந்து திரிந்த டி செல்கள், கரைக்கு வந்ததும் இழைகளின் போக்கிலேயே நழுவிச் சென்றன. தீவுக்குள் நுழைந்தவை குறைவு. கொலாஜனைக் கரைக்கும் நொதியைச் சேர்த்தபோது, புற்றுசெல்களைத் தொட்டவை கூடின. எத்தனை செல்கள் என்பதைவிட எங்கே நிற்கின்றன என்பதே என்னை உலுக்குகிறது.

வழக்கமான ஆய்வகத்தில் இந்த ஓட்டம் தெரியாது. மெழுகில் பதித்த திசுவின் சீவலில் செல்கள் நின்ற இடம் மட்டுமே தெரியும். அதுவே நிறையச் சொல்லும். பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரோம் கலோனின் குழு பெருங்குடல் புற்றில் டி செல்களைக் கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் தனித்தனியே எண்ணி மதிப்பெண் இட்டது. அந்த மதிப்பெண், நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்க உதவுகிறது என்பதை 2018-இல் 2,681 நோயாளிகளிடம் உறுதிசெய்தார்கள்.

ஆனால் புற்றுசெல்களோடு கலந்து நிற்பதே எப்போதும் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடிகளில் உலோக அணுக்களைப் பூட்டி, ஒரே சீவலில் 36 புரதங்களைப் பார்த்தார்கள். ஒருவகை மார்பகப் புற்றுள்ள 41 பேரில், நோயெதிர்ப்பு செல்களும் புற்றுசெல்களும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்திருந்தவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். உறுப்புக்கு உறுப்பு கதை மாறுகிறது.

அம்மாவின் அறிக்கையில் "திரளாக" என்பதோடு "எங்கே" என்பதும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். மெழுகில் பதித்த திசுத் துண்டை ஆய்வகங்கள் பொதுவாகப் பாதுகாத்து வைத்திருக்கும். அதில் திசு மீதமிருந்தால் இன்னொரு சீவல் எடுத்துப் பார்க்கலாம்.