எக்ஸிமா ஆறுகிறதா என்பதை எப்படி அறிவது?

முழங்கை மடிப்பில் எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் அழற்சியின் சிவப்பும் நீர்க்கசிவும் போய்விட்டன, கறுப்பு மட்டும் நிற்கிறது, ஸ்டீரோயிட் கிறீமை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழக்கமாக அரிப்புத்தான் முதலில் தணியும். இரவில் சொறிந்து விழிக்காமல் தூங்கினால் அது நல்ல அறிகுறி. தடித்த தோல் மிருதுவாக வாரக்கணக்கு ஆகும். கறுப்போ அழற்சி விட்டுப்போன நிறம், நம் தோலில் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்காக ஸ்டீரோயிட்டை நீட்டாதீர்கள். வெள்ளையாக்கும் கிறீம் வேண்டவே வேண்டாம். கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ தடிப்போ தட்டுப்பட்டால் அழற்சி இன்னும் அடங்கவில்லை. அப்போது நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. வழுவழுப்பான பிறகு வைத்தியர் சொன்னபடி குறையுங்கள்.

ஈரப்பதக் கிறீமை மட்டும் நிறுத்தாதீர்கள். 5 முதல் 10 நிமிடக் குளிப்பு, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் மயிர் படியும் திசையில் பூச்சு. உடல் முழுக்க வறட்சியென்றால் பெரியவருக்கு வாரம் 250 கிராமாவது தேவை. திருகோணமலையில் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூடுதலாகப் பூச வேண்டிவரும். நிலாவெளியில் கடல் குளித்தால் உடனே நன்னீரில் அலசுங்கள். கன்னியா வெந்நீரூற்றுக் குளிப்பு இப்போதைக்கு வேண்டாம், சூடு அரிப்பைக் கிளப்பும்.

தேன்நிறப் பொருக்கு, சீழ் தெரிந்தால் கிருமித்தொற்று. வலியோடு கொத்துக் கொத்தாகக் கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.