கப்பலில் முதல் நாள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கப்பல் சுற்றுலா குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை பயணத்தின் முதல் நாளைப் பற்றியே கேட்கின்றன. அதில் வியப்பில்லை. ரயிலும் விமானமும் பழகிப்போனவர்களுக்குக்கூட, சில ஆயிரம் பேர் ஒரே பகலில் ஏறி, அன்று மாலையே ஓர் ஊராக நகரத் தொடங்கும் கப்பல் புதியதுதான். முதல் நாள் கேளிக்கைக்கு உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். அது கப்பலை அறிந்துகொள்வதற்கு உரிய நாள் என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் பதில்களும் அந்தக் கருத்திலிருந்து எழுந்தவையே.

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வுக்குப் பிறகு முதன்முறையாக ஏழு நாள் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது. ஆனால் எங்களைப் பகல் 12.30 மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். 4 மணிக்குப் போனால் போதாதா? பெட்டிகளை நாங்களே தூக்கிக்கொண்டு ஏற வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: 4 மணிக்குப் போவதாக இருந்தால் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் முன்பாகவே செக்-இன் மூடப்படுவது வழக்கம். கப்பலில் இருப்பவர்களின் இறுதிப் பட்டியலைப் புறப்படுவதற்கு முன்னரே அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், பட்டியல் முடிந்தபின் வருபவரை, கப்பல் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தாலும் ஏற்றமாட்டார்கள். விமானத்தில் வந்து அதே நாளில் கப்பல் ஏறத் திட்டமிட்டிருந்தால், முந்தைய நாளே துறைமுக நகரத்துக்கு வந்து தங்கிவிடுங்கள். ஒரு விமானம் சில மணி நேரம் தாமதமானதால் முழுப் பயணத்தையும் இழந்தவர்கள் உண்டு.

மிகவும் முன்னதாகப் போவதும் பயன் தராது. நீங்கள் ஏறும் அதே நாள் காலையில்தான் முந்தைய பயணத்தின் பயணிகள் இறங்குகிறார்கள். அவர்கள் இறங்கிய பிறகு அறைகளையெல்லாம் சுத்தம் செய்து, எரிபொருளும் உணவுப் பொருள்களும் ஏற்றி, பகலுக்குள் கப்பலைப் புதியவர்களுக்கு ஆயத்தமாக்க வேண்டும். கூட்டம் ஒரேயடியாகச் சேராமல் இருக்கவே ஒவ்வொருவருக்கும் ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தை மதித்தால் வரிசையில் நிற்கும் நேரம் பாதியாகக் குறையும்.

பெட்டிகளை நீங்கள் தூக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரும் அறை எண்ணும் அச்சிட்ட அட்டைகளைக் கப்பல் நிறுவனம் முன்கூட்டியே அனுப்பும். அவற்றைப் பெட்டிகளின் கைப்பிடியில் உறுதியாகக் கட்டி, முனையத்தின் வாசலில் நிற்கும் சுமையாளர்களிடம் ஒப்படைத்துவிடலாம். பெட்டிகள் எக்ஸ்ரே சோதனைக்குப் பிறகு அறை வாசலுக்கு வந்து சேரும். ஆனால் பிற்பகலிலும் வரலாம், இரவு உணவு முடிந்தும் வரலாம். ஆகவே கடவுச்சீட்டு, பயண ஆவணங்கள், மூக்குக்கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுடை, எல்லாவற்றுக்கும் மேலாக அன்றாட மருந்துகள் ஆகியவை உங்கள் தோளில் தொங்கும் சிறு பையிலேயே இருக்க வேண்டும். என் முதல் பயணத்தில், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன். பெட்டி இரவு 9 மணிக்குத்தான் வந்தது. அதுவரை அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் பட்ட கலக்கம் இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெட்டியில் எதை வைக்கக்கூடாது என்பதும் முக்கியம். துணி தேய்க்கும் பெட்டி, மின்கெட்டில், மெழுகுவத்தி ஆகியவற்றைக் கப்பலுக்குள் அனுமதிப்பதில்லை. திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் அமைப்பு உள்ள நீட்டிப்புப் பலகைகளையும் அனுமதிக்கமாட்டார்கள். கப்பலின் மின்னமைப்பு வீட்டின் மின்னமைப்பைப் போன்றதன்று, அதில் இந்தப் பலகைகள் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. நடுக்கடலில் தீயைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. இத்தகைய பொருள் சோதனையில் தென்பட்டால், நீங்களே போய்த் திறந்து காட்டும்வரை பெட்டி அறைக்கு வராது.

கேள்வி: எங்கள் கப்பல் ஒரு நாட்டில் புறப்பட்டு, வேறு இரண்டு நாடுகளுக்குச் சென்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. ஒரு முறை நுழையும் விசா போதுமா?
– ஒரு வாசகர்

பதில்: பெரும்பாலும் போதாது. கப்பல் ஏறுவதற்காக ஒரு நாட்டுக்குள் நுழைகிறீர்கள். கப்பல் புறப்பட்டதும் அந்த நாட்டை விட்டு வெளியேறியவராகிறீர்கள். திரும்பி வரும்போது மறுபடியும் நுழைகிறீர்கள். எனவே பலமுறை நுழையும் விசா தேவைப்படலாம். இடையில் வரும் துறைமுகங்களில் இறங்கப்போவதில்லை என்றாலும் விசா கேட்கும் நாடுகள் உள்ளன. உங்கள் பாதையில் வரும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பதிவு செய்த இடத்தில் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். கடவுச்சீட்டு, பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருப்பது நல்லது. செக்-இன் மேசையில் ஆவணம் குறைந்தால், கட்டிய பணம் திரும்பக் கிடைப்பது அரிது.

கேள்வி: கப்பல் ஏறிய உடனே பாதுகாப்புப் பயிற்சி என்று எல்லோரையும் கூட்டி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று என் நண்பர் சொல்கிறார். என் தந்தைக்கு முழங்கால் வலி உண்டு. அவரை அறையிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் போனால் போதுமா?
– ஒரு வாசகர்

பதில்: போதாது. உங்கள் தந்தை இந்தப் பயிற்சியை அறிந்திருப்பது மற்றவர்கள் அறிந்திருப்பதைவிட முக்கியம்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கி ஏறத்தாழ 1,500 பேர் இறந்ததைத் தொடர்ந்து, 1914 ஜனவரியில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் உருவானது. இன்று கப்பல்களை ஆளும், சோலாஸ் எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு விதிகள் அதன் வழிவந்தவையே. அந்த விதிகளின்படி, பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இரவு, இத்தாலியின் சிவிட்டவெக்கியாவிலிருந்து புறப்பட்டுச் சில மணி நேரமே ஆகியிருந்த கோஸ்டா கன்கார்டியா என்ற கப்பல், ஜிலியோ தீவின் பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் 4,200க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அன்று மாலை ஏறியிருந்த சில நூறு பயணிகளுக்குப் பயிற்சி மறுநாள்தான் நடப்பதாக இருந்தது. எங்கே போக வேண்டும் என்று தெரியாமலேயே அவர்கள் அந்த இருளில் தவித்தார்கள். 32 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே விதி மாறியது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். உங்கள் நண்பர் வீண் என்று சொல்லும் அந்த அரை மணி நேரம், பலர் தம் உயிரைக் கொடுத்து நமக்கு ஏற்படுத்தித் தந்த ஏற்பாடு என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது பல கப்பல்களில் பயிற்சி எளிதாகிவிட்டது. கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, மஸ்டர் ஸ்டேஷன் எனப்படும் உங்களுக்கான கூடுமிடத்துக்கு நேரில் சென்று, அங்கே நிற்கும் ஊழியரிடம், கப்பலில் உங்களுக்குத் தரும் பயணி அட்டையைக் காட்டிப் பதிவு செய்தால் போதும். கூடுமிடத்தின் எண்ணோ எழுத்தோ அட்டையிலும் அறைக் கதவின் உட்புறத்திலும் இருக்கும். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகளும், தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அதுவே பொது அவசர அறிவிப்பு.

அவசர நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக்கூடாது. ஆகவே தந்தைக்குப் படி ஏறுவது கடினம் என்பதைப் பதிவின்போதும், கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையிலும் சொல்லிவிடுங்கள். ஆபத்து வேளையில் அவருக்கு உதவ வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். பயிற்சி முடிந்தபின், அறையிலிருந்து கூடுமிடம்வரை படிக்கட்டு வழியாகவே ஒருமுறை நீங்கள் நடந்து பாருங்கள். அறைக் கதவிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்து புகை சூழ்ந்தால், சுவரைத் தடவி நடப்பவருக்கு அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டும். குழந்தைகள் உடன் வந்தால், அவர்கள் அளவுக்கான உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பேருந்துப் பயணமே எனக்குக் குமட்டும். கடல் மயக்கம் வராமல் இருக்க முதல் நாளிலேயே ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: முடியும், முதல் நாளுக்கும் முன்பே தொடங்க வேண்டும். நம் உட்செவி அசைவை உணர்கிறது. மூடிய அறைக்குள் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் மயக்கம் பிறக்கிறது. கப்பலின் முன்முனையான அணியத்திலும் பின்முனையான அமரத்திலும் ஏற்ற இறக்கம் அதிகம். நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் குறைவு. அறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இன்னும் இருந்தால், நடுவில், தாழ்வான தளத்தில் கேளுங்கள். கப்பலின் அடிப்பக்கத்திலிருந்து இருபுறமும் நீளும், மீன் துடுப்பு போன்ற தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாகக் குறைக்கின்றன. ஆனால் முன்பின் ஆட்டத்தை அவற்றால் அடக்க முடியாது.

டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் போன்ற மாத்திரைகள் குமட்டல் தொடங்கிய பின்பு அவ்வளவாக உதவுவதில்லை. கப்பல் நகர்வதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்வதே பயன் தரும். அவை தூக்கத்தை வரவழைக்கும். கண் அழுத்த நோய், சிறுநீர்த் தொல்லை போன்றவை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது. தலை சுற்றத் தொடங்கினால் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளத் தோன்றும். அதற்குப் பதிலாகத் திறந்த தளத்துக்கு வந்து, அசையாமல் நிற்கும் அடிவானத்தைப் பாருங்கள். வயிற்றைக் காலியாக விடாமல் எளிய உணவைச் சிறிது சிறிதாக உண்ணுங்கள். முதல் நாள் கைப்பேசியில் நீண்ட நேரம் படிக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு சிறு குழந்தைகளுடன் செல்கிறோம். பகலில் ஏறிவிட்டால் அறை கிடைக்கும்வரை என்ன செய்வது?
– ஒரு தாய்

பதில்: அறைகள் ஆயத்தமாகப் பிற்பகல் ஆகிவிடும். அந்த நேரத்தில் எல்லோரும் பஃபே உணவகத்தை நோக்கியே போவார்கள். பல கப்பல்களில் முதல் நாளே வேறொரு உணவகமும் அமைதியாகத் திறந்திருக்கும், ஊழியரைக் கேளுங்கள். எங்கே உண்டாலும், உண்பதற்கு முன் குழந்தைகளின் கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். கப்பல்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவக் காரணமாகும் நோரோவைரஸை ஆல்கஹால் கைக்கழுவி அவ்வளவாக அழிப்பதில்லை. சோப்பும் தண்ணீருமே நம்பத்தக்கவை. குழந்தைக்கு உணவு ஒவ்வாமை இருந்தால், உணவகத் தலைவரை முதல் பிற்பகலிலேயே நேரில் சந்தித்துச் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் மன்றத்தில் பெயர் பதிவதும் அன்றே முடியட்டும்.

அறைக்குப் பால்கனி இருந்தால், அங்குள்ள நாற்காலிகளைக் கம்பித் தடுப்பிலிருந்து விலக்கி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. பெரியவர் இல்லாமல் குழந்தைகள் பால்கனிக்குப் போகக்கூடாது என்பதில் எந்த விலக்கும் வேண்டாம். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக் கதவைத் திறந்தால், இடையில் பாயும் காற்று கதவை அறைந்து சாத்தும். சிறு விரல்கள் நசுங்கிவிடும்.

கேள்வி: கப்பலில் கைப்பேசி வேலை செய்யுமா?
– ஒரு மாணவர்

பதில்: வேலை செய்யும் என்பதுதான் சிக்கலே. கரை மறைந்ததும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் கப்பலின் சொந்த வலையமைப்பை உங்கள் கைப்பேசி தானாகவே பிடித்துக்கொள்ளும். வழக்கமான ரோமிங் திட்டங்கள் பலவும் அதற்குப் பொருந்தாது. கட்டணம் மிகப் பெரிதாக வரும். புறப்படுவதற்கு முன்பே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். துறைமுகங்களில் இறங்கும்போது கைப்பேசி உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடலாம். கப்பல் தன் நேரப்படிதான் புறப்படும். ஆகவே கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கப்பல் கரையை விட்டு நகரும் காட்சியை எங்கிருந்து பார்ப்பது நல்லது?
– ஒரு வாசகர்

பதில்: மேல்தளத்தில் இசையும் கூட்டமும் இருக்கும். அது பிடித்தவர்கள் அங்கே போகட்டும். நான் தேடிப்போவது கீழே, உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தின் நடைபாதையை. தடித்த கயிறுகள் ஒவ்வொன்றாகக் கரையிலிருந்து அவிழ்வதையும், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஒரு கீற்றாகத் தோன்றும் நீர் மெல்ல அகலமாவதையும் அங்கேதான் அருகில் பார்க்க முடியும். இன்றைய பெரிய கப்பல்கள் பலவற்றுக்கு முன்னும் பின்னும் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் இருப்பதால், காற்று அமைதியாக இருக்கும் நாளில் இழுவைப்படகின் உதவியில்லாமலேயே அவை பக்கவாட்டில் நகர்ந்து விலகும்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் உடனே உள்ளே போய்விடாதீர்கள். அந்தத் துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் நன்கறிந்த பைலட் ஒருவர் அதுவரை கப்பல் தலைவருக்குத் துணையாக நின்று வழி சொல்லியிருப்பார். திறந்த கடலில் சிறு படகு ஒன்று விரைந்து வந்து கப்பலோடு ஒட்டிக்கொண்டு ஓடும். கப்பலின் பக்கச் சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும். அதிலிருந்து தொங்கும் கயிற்றேணியில் அவர் இறங்கி, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் படகுக்குள் காலை வைப்பார். பெரும்பாலும் காற்றடிக்காத பக்கத்தில்தான் இது நடக்கும்; எனவே முகத்தில் காற்று படாத பக்கமாகப் போய் நில்லுங்கள். படகு திரும்பிக் கரைக்குப் போவதைப் பார்த்துவிட்டு அறைக்கு வாருங்கள். பெட்டியும் அநேகமாக அதற்குள் வாசலுக்கு வந்திருக்கும்.