கிரவல் றோட்டும் 2000 யூரோ சைக்கிளும்

அன்பின் அண்ணா,

பிரான்சின் மோர்வான் மலைக்காட்டுக்குள் சைக்கிள் ஓடியதைப் பற்றி நீங்கள் போன வருடம் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் நானும் ஒரு கிரவல் சைக்கிள், அதாவது சரளைக்கல் பாதைக்கென்றே செய்த சைக்கிள், வாங்கினேன். ஊரிலிருந்து அப்பா வீடியோவில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாங்கள் பிறந்ததிலிருந்து கிரவல் றோட்டில்தானே ஓடினோம், அதற்கு 2000 யூரோவா?" என்றார்.

அக்டோபர் கடைசியில் போனேன். ஒரு செயலி கீறித் தந்த 70 கிலோமீட்டர் பாதை. முதல் பத்து கிலோமீட்டர் சொர்க்கம். அதற்குப் பிறகு ஒரு மலைச்சரிவு முழுவதும் மொட்டை. மரக்குற்றிகள், அடுக்கிய மரங்கள், ஒரு பெரிய லொறி. பாதை இரண்டு வாய்க்காலாகப் பிளந்து சேறாகக் கிடந்தது. மூன்று கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளினேன். போதாததற்கு "வேட்டை நடக்கிறது" என்று பலகை, தூரத்தில் வெடிச்சத்தம். இதற்குப் பெயர் இயற்கைப் பூங்காவா? வனுவாஸ் தேசியப் பூங்கா மாதிரி இதையும் ஏன் காப்பாற்றவில்லை? நீங்கள் எழுதியதில் இது ஒன்றுமே இல்லையே?

பெயர் போட வேண்டாம்.
திஜோனிலிருந்து ஒரு வாசகர்

*

அன்பின் தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியது மே மாதத்து மோர்வான், அதிலும் பாதி. வெட்டிய சரிவுகளை நானும் பார்த்தேன். படத்தில் விழாதபடி போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அது என் பிழை.

இனி வனுவாஸ். அது 1963இல் வந்த பிரான்சின் முதல் தேசியப் பூங்கா. அதன் மையப் பகுதியில் வேட்டை கிடையாது, உண்மை. ஆனால் பெரும்பாலான பாதைகளில் சைக்கிளும் கிடையாது. நீங்கள் கேட்கிற மாதிரிப் பூங்காவாக மோர்வான் இருந்திருந்தால் முதலில் உங்களைத்தான் வாசலில் மறித்திருப்பார்கள்.

மோர்வான் 'பிராந்திய இயற்கைப் பூங்கா'. 1967இல் உண்டாக்கிய வேறொரு வகை அது. மோர்வானுக்கு 1970இல் அந்தப் பெயர் கிடைத்தது. ஆட்கள் குடியிருந்து, மாடு வளர்த்து, மரம் வெட்டிப் பிழைக்கிற நிலப்பரப்பு. ஊராட்சிகள் சேர்ந்து ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டு, இப்படி இப்படி நடந்துகொள்வோம் என்று ஒப்புக்கொள்கின்றன. அவ்வளவுதான். காடுகளில் பெரும்பகுதி தனியார் காணி. இந்த மரத்தை வெட்டாதே என்று ஒருவரிடம் சொல்லும் அதிகாரம் பூங்காவுக்கு இல்லை. பெயரில் 'இயற்கை' இருப்பதால் நீங்களும் நானும் ஏமாந்துபோகிறோம்.

அந்த மலையின் கதையே விறகுதான். 16ஆம் நூற்றாண்டிலிருந்து பாரிஸின் அடுப்புகளுக்கு இங்கிருந்துதான் விறகு போனது. வெட்டிய கட்டைகளில் வியாபாரி தன் சுத்தியலால் அடையாளம் குத்துவான். ஓடைகளில் அவற்றை எறிவார்கள். மேலே குளங்களைத் திறந்துவிட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். கிளாம்சி என்ற ஊரில் எடுத்து, அடையாளம் பார்த்துப் பிரித்து, தெப்பமாகக் கட்டி, யோன் ஆற்றிலும் பிறகு செய்ன் நதியிலும் விடுவார்கள். நீங்கள் கரையில் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டிருக்கக்கூடிய செத்தோன் ஏரி அதற்காகவே அணை கட்டி 1858இல் உண்டாக்கியது. (பாரிஸ் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கவும் இந்த மலைப் பெண்கள் போனார்கள். விறகையும் தாய்ப்பாலையும் விற்ற மலை. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

நிலக்கரி வந்ததும் விறகுத் தொழில் படுத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அரசாங்கம் காசு கொடுத்து ஊசியிலை மரங்களை நடச் சொன்னது. கைவிட்ட வயல்களிலும், ஓக், பீச் போன்ற இலையுதிர் மரங்கள் நின்ற இடங்களிலும் வட அமெரிக்காவிலிருந்து வந்த டக்ளஸ் மரம் ஏறியது. ஐம்பது வயதில் வெட்டக்கூடிய மரம். கணக்குப் பாருங்கள், அன்று நட்டதெல்லாம் இப்போது வெட்டுக்கு வருகிறது. ஸ்ப்ரூஸ் என்ற மற்ற ஊசியிலை மரங்களோ 2018க்குப் பிந்தைய வறண்ட கோடைகளில் பட்டை வண்டு விழுந்து நின்ற நிலையிலேயே காய்ந்தன. அவற்றையும் எடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் பார்த்த மொட்டைச் சரிவு இரண்டில் எது என்று தெரியவில்லை. எதுவானாலும் உங்களுக்கு வந்த கோபம் அந்த ஊர்க்காரர் பலருக்கும் உண்டு. காசு சேர்த்து, இலையுதிர் காடுகளைக் காணியாகவே வாங்கி மொட்டையாக வழிக்கவிடாமல் வைத்திருக்கிற கூட்டுக் குழுக்கள் அங்கே இருக்கின்றன. முழுச் சரிவையும் ஒரேயடியாக வழிப்பதை நானும் ஏற்கவில்லை. மழைக்கு மண் ஓடைக்குள் போவது கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் சொர்க்கமான பத்து கிலோமீட்டரும் தள்ளிய மூன்று கிலோமீட்டரும் ஒரே தொழில் போட்ட பாதைகள். 40 தொன்னுக்கு மேற்பட்ட மர லொறி ஏற வேண்டும் என்றுதான் மெல்லிய ஏற்றமாக வளைத்து வளைத்து வெட்டி, கல் பரப்பி, இறுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் கிரவல் சைக்கிளுக்கு அப்படி ஒத்துப்போகிறது. அந்த லொறி நிற்கும் இடத்துக்கு மரத்தை உள்ளேயிருந்து இழுத்து வரும் இயந்திரம் போன வழிதான் உங்கள் வாய்க்கால். நமக்காக யாரும் அங்கே ஒரு கூடை கல் கொட்டவில்லை.

எனக்கு இது புரிந்தது ஒரு நவம்பரில், ஓ-ஃபோலான் பக்கம். மோர்வானில் அதுதான் உச்சி, 901 மீட்டர். இறக்கத்தில் ஒரு குச்சி துள்ளிப் பின்சக்கரத்துக்குள் போனது. டக் என்று ஒரு சத்தம். கியர் மாற்றியைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு ஒடிந்து, சங்கிலியோடு தொங்கியது. போனில் சிக்னல் இல்லை. தூரத்தில் இயந்திரம் இரைந்த பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனேன். வெட்டிய கிளைகளை மெத்தை போலப் போட்டு அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது அது. நசுங்கிய டக்ளஸ் இலை தோடம்பழத் தோல் மாதிரி மணக்கும், தெரியுமா? அந்த ஈரக்குளிரில் அந்த மணம்தான் இன்னும் நினைவில் நிற்கிறது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்தார். கிளைகளை ஏன் பரப்பினேன் தெரியுமா, மண் அமுங்காமல் இருக்க என்று தானாகவே சொன்னார், நான் குறை சொல்ல வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு தன் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்து, வேலை முடிந்ததும் தன் வான் வண்டியில் ஏற்றி ஊர்வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் மரத்தைப் பற்றித்தான் கதைத்தார். தன் தகப்பன் நட்டதைத் தான் வெட்டுகிறாராம். அடுத்து எதை நடுவது என்று ஒருவருக்கும் தெளிவில்லை, இந்த வெயிலுக்கு எது நிற்கும் என்று யார் கண்டது என்றார்.

சரி, அப்பாவின் சிரிப்புக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. ஊரில் ஓடிய பெரிய சைக்கிளின் டயர் அளவு நினைவிருக்கிறதா? 28க்கு ஒன்றரை. ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். உங்கள் புதிய சைக்கிளில் பெரும்பாலும் 40 போட்டிருப்பார்கள். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள். மிச்சக் காசு கியருக்கும் டிஸ்க் பிரேக்குக்கும். சின்னக் கியர் இல்லாமல் மோர்வான் ஏற்றத்தில் அப்பாவும் இறங்கித்தான் தள்ளுவார், அதையும் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயர் கல்லாக இருக்கிறது. கடையில் அடித்த காற்றோடு அப்படியே வந்திருக்கிறீர்கள். 40 மில்லிமீட்டர் டயரில், உங்கள் எடைக்கு, காற்றழுத்தத்தை இரண்டரை 'பார்' அளவுக்குக் கீழே இறக்குங்கள். டியூப் இல்லாத டயரானால் இன்னும் கொஞ்சம். டயர் கல்லின்மேல் துள்ளாமல் அதை விழுங்கிக்கொண்டு போக வேண்டும். சொர்க்கம் இருபது கிலோமீட்டராக நீளும்.

செயலியை நம்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானும் அதோடுதான் போகிறேன். ஆனால் பெரும்பாலான செயலிகள் பலர் சேர்ந்து இணையத்தில் வரையும் ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற வரைபடத்திலிருந்துதான் எடுக்கின்றன. அதில் காட்டுப்பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் குறித்திருப்பார்கள். 1 இறுகியது, 5 வெறும் மண்ணும் புல்லும். மழைக்குப் பிறகு 4, 5 பக்கம் போகவே வேண்டாம். மோர்வானின் நடுப்பகுதி கருங்கல் பொடிந்த பருமணல், தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். வாய்க்கால் விழுந்த இடம் மட்டும் காயாது.

வேட்டை பொதுவாகச் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசிவரை. பலகையைக் கண்டால் திரும்புங்கள், வாதாட வேண்டாம். அடுக்கிய மரத்தின்மேல் ஏறி இருந்து சாப்பிடாதீர்கள், உருண்டால் சைக்கிளும் மிஞ்சாது. தண்ணீர் முடிந்தால் கடை தேடி அலைய வேண்டாம், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்கும் முதலில் ஒரு மாதிரித்தான் இருந்தது. இப்போது தேவாலயக் கோபுரத்தைக் கண்டாலே போத்தலைக் கழற்றுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். இந்த முறை பிப்ராக்த் பக்கம். சீசர் காலத்தில் இங்கே வாழ்ந்த கோல் மக்களின் நகரம் புதைந்திருக்கிற மலை அது, 821 மீட்டர். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள். மேலே பாம்பு மாதிரி முறுகிய பழைய பீச் மரங்கள் வரிசையாக நிற்கும். பார்த்தால் காடு தானாகச் செய்த விசித்திரம் என்று தோன்றும். ஒரு காலத்தில் யாரோ வேலிக்காக வளைத்துப் பின்னிய மரங்கள் அவை. பின்னியவர்கள் போய்விட்டார்கள், வேலி மரமாகிவிட்டது.