கொரோனா போன பிறகு அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது?

கேள்வி: 2021-ல் என் அப்பா கொரோனாவுக்காக ஐசியூவில் வென்டிலேட்டரில் இருந்தார். பத்தாம் நாள் கொரோனா நெகட்டிவ் என்றார்கள். பிழைத்துவிட்டார் என்று நம்பினோம். இரண்டே நாளில் மறுபடி காய்ச்சல். ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்றார்கள். போய்விட்டார். முதலில் வீட்டில் காய்ச்சல் வந்தபோது நான்தான் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். அதனாலா டாக்டர்?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: இல்லை அம்மா. அந்த மாத்திரை கொரோனாவுக்கு உதவாது என்று 2021-லேயே பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் உங்கள் அப்பாவைக் கொண்டுபோனது அது இல்லை. இத்தனை வருஷம் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறீர்கள், இறக்கி வையுங்கள்.

நான் நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை, லேபில் கல்ச்சர் பார்க்கிறவள், அதாவது நோயாளியின் ரத்தம், சளியில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கிறவள். கிருமியைப் பிளேட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து ஏற்றிய சின்னச் சின்ன வில்லைகளை வைப்போம். மறுநாள் காலையில், வேலை செய்கிற மருந்தைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் வட்டமாக வெறுமையாக இருக்கும். அந்த வட்டத்தைத்தான் ஸ்கேல் வைத்து அளப்போம். 2021-ல் ஐசியூவிலிருந்து வந்த பல பிளேட்டுகளில் அளக்க வட்டமே இல்லை. வில்லையின் விளிம்பு வரை கிளெப்சியெல்லா பளபளவென்று சளிபோலப் படர்ந்திருந்தது. மற்றது கேட்காதபோது கொடுக்கும் பலமான மருந்தான மெரோபெனத்தின் வில்லையைச் சுற்றியும் அப்படித்தான். ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழ்வரை ‘ஆர்’, அதாவது ரெசிஸ்டன்ட், என்றே எழுதி அனுப்புவேன். அதைப் படிக்கப்போகும் டாக்டருக்கு என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும்: சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று முன்பு ஓரங்கட்டி வைத்திருந்த கொலிஸ்டின், இன்னும் ஒன்றிரண்டு மருந்துகள்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். கிளெப்சியெல்லா சாதாரணமாக நம் குடலிலேயே இருப்பதுதான். ஐசியூவில் நாள் ஆக ஆக, அங்கே சுற்றும் முரட்டு வகை நோயாளியின் குடலிலும் தொண்டையிலும் குடியேறிவிடும். மூச்சுக்குழாய், சிறுநீர்க்குழாய், கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றப் போட்ட லைன் என்று உள்ளே போக வழிகளும் இருக்கின்றன. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அன்று எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது, கொடுத்தது சரிதான். ஆனால் அது உடம்பின் காவலையும் கொஞ்சம் தளர்த்தும்.

கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் நர்ஸ்கள் பிபிஇ உடையை மாட்டிக்கொண்டு, கையுறையை உடையோடு டேப் போட்டு ஒட்டி மணிக்கணக்கில் நிற்பார்கள். ஒரே கையுறையோடு ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். அது அவர்களைக் கொரோனாவிலிருந்து காத்தது. நோயாளியை அடுத்த நோயாளியின் கிருமியிலிருந்து காக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒருவர் நான்கு பேர் வேலையைப் பார்த்தார். ஆனால் நடந்தது அதுதான்.

ஆன்டிபயாடிக்கும் அளவில்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் நான்கில் மூவருக்குக் கொடுத்தார்கள், பாக்டீரியா தொற்று உண்மையில் இருந்தது சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொன்னது. தேவையில்லாத ஒவ்வொரு டோஸும் சாதுக் கிருமிகளைக் கொன்று முரடனுக்கு இடம் விடுகிறது. இது ஏழை நாட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலேயே, மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகளுக்கு மசியாத, அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு ஆஸ்பத்திரிக் கிருமியின் தொற்று 2020 என்ற ஒரே வருஷத்தில் 78 சதவீதம் கூடியது.

கேள்வி: என் அண்ணன் இப்போது ஐசியூவில் இருக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?
(இன்னொரு வாசகர்)

பதில்: உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். கட்டில் கம்பி, மானிட்டர் எதையும் தொடாதீர்கள், அசினெட்டோபாக்டர் காய்ந்த இடத்திலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். டாக்டரிடம் தினமும் ஒன்று கேளுங்கள்: “இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?” நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆன்டிபயாடிக் போகிறது என்றால், கல்ச்சர் அனுப்பினார்களா, ரிசல்ட் வந்தபின் மருந்தை மாற்றினார்களா என்றும் கேளுங்கள். எங்களைப் போன்ற லேபிலிருந்து ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், மூன்றாம் நாள் மறக்காமல் மறுபடி கேளுங்கள்.