ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன விலை?

கேள்வி: எனக்கு வயது 36. ஹட்டனில் தனியார் நிறுவனமொன்றில் 12 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சம்பளம் 75,000 ரூபா. ஞாயிறுதோறும் நுவரெலியாவுக்குப் போய் வகுப்பு எடுப்பதில் மாதம் 16,000 ரூபா வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் சிகிச்சைக்காக நகைகளை 18 சதவீத வட்டியில் 240,000 ரூபாவுக்கு அடகு வைத்தேன். வட்டியை மட்டும் கட்டி வருகிறேன். மாதம் 10,000 வீதம் 20 பேர் கட்டும் சீட்டு ஐந்து மாதத்தில் என் முறைக்கு வரும். அதனுடன் ஊழியர் சேமலாப நிதியிலும் எடுத்து, தோட்டத்து வீட்டில் இரண்டு அறைகள் கட்டலாமா? பிள்ளைகளோடு இருக்க ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை. எதை முதலில் செய்வது?

பதில்: சகோதரி, நீங்கள் கடைசி வரியில் எழுதியதை நான் முதல் வரியாக எடுத்துக்கொள்கிறேன். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்புகிறீர்கள் என்றால், மாதத்துக்கு 44 மணித்தியாலம் அந்த வகுப்புக்குப் போகிறது. பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 4,800 ரூபா கழித்தால் மிஞ்சுவது 11,200. அதாவது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 255 ரூபா. பிள்ளைகளோடு இருக்கும் ஒரே நாளை இந்த விலைக்குத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் வகுப்பை இன்றே நிறுத்தச் சொல்ல மாட்டேன். அடகுக்கு மாதம் 3,600 ரூபா வீதம் இதுவரை 86,400 ரூபா வட்டி கட்டியும் அசலில் ஒரு ரூபாவும் குறையவில்லை என்பதால், சீட்டுப் பணம் 200,000 ரூபா அறை கட்டுவதற்கு அல்ல, நகையை மீட்பதற்கே போக வேண்டும். குறையும் 40,000 ரூபாவை ஐந்து மாத வகுப்பு வருமானமான 56,000 ரூபாவிலிருந்து எடுத்துக்கொண்டு, மீதி 16,000 ரூபாவை அவசரச் சேமிப்பாக வங்கியில் போடுங்கள். அதன்பின் வகுப்பை விட்டுவிடலாம். வட்டி நின்றுவிடுவதால் உங்களுக்கு உண்மையில் குறைவது மாதம் 7,600 ரூபாதான். மிச்சமுள்ள சீட்டுத் தவணைகள் முடிந்ததும் அந்த 10,000 ரூபாவை, மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை, அதே வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். சீட்டு நடத்துபவர் நம்பிக்கையானவர் என்றாலும், அவருக்கு ஏதும் நேர்ந்தால் பணத்தைக் கேட்டு வாங்க உங்கள் கையில் எந்தக் கடதாசியும் இருப்பதில்லை. ஆகவே இன்னொரு சீட்டில் சேர வேண்டாம்.

சேமலாப நிதியில் உங்கள் 8 சதவீதமும் நிறுவனத்தின் 12 சதவீதமும் சேர்ந்து மாதம் 15,000 ரூபா சேர்கிறது. பத்தாண்டு உறுப்பினராக இருப்பவர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ நிபந்தனைகளுக்கு உட்பட்டு 30 சதவீதம் வரை முன்கூட்டியே பெறலாம் என்பது சரிதான். எனினும் பெண்கள் 50 வயதில் முழுத் தொகையையும் பெறலாம். உங்களுக்கு அதற்கு இன்னும் 14 ஆண்டுகளே உள்ளன; ஆகவே இப்போது அதில் கைவைக்க வேண்டாம்.

அறைகளைப் பற்றி ஒரு கேள்வி: அந்த இடத்துக்குக் காணி உறுதி உங்கள் குடும்பத்தின் பெயரில் இருக்கிறதா? லயத்தோடு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளோடு, ஒட்டி அறை கட்டிய பலரிடம் சுவர் இருக்கிறது, உறுதி இல்லை. அப்படிப்பட்ட வீட்டை விற்கவும் முடியாது, வங்கியில் ஈடு வைக்கவும் முடியாது. உறுதி கைக்கு வரும்வரை கூரையைச் சீர்செய்வதற்கு மேல் அந்த வீட்டில் பணம் போடாதீர்கள்.