அப்பா சொல்வது 'ஏதோ' அல்ல

கேள்வி: நான் மாங்குளத்தில் டிஷ் அன்ரெனா பூட்டும் வேலை செய்கிறேன். 305 மீற்றர் சுருளாக வாங்கிய ஆர்ஜி-6 கேபிளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் 14 இருக்கின்றன. அவற்றை முழங்கையில் சுற்றி, தகரக் கொட்டிலுக்குள் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். திரும்ப எடுத்துப் பூட்டினால் சிலவற்றில் படம் கட்டங்கட்டமாக உடைகிறது, விரிக்கும்போது முடிச்சும் விழுகிறது. அப்பா முன்பு கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். நீரிழிவால் இப்போது பார்வை மங்கிவிட்டது. நான் கேபிள் சுற்றும்போதெல்லாம் விறாந்தையில் இருந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். இதைவிட நல்ல கேபிள் எது என்று சொல்வீர்களா?

பதில்: தம்பி, சுருளின் நீளத்தையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் கணக்காக எழுதிய நீங்கள், அப்பா சொன்னதை மட்டும் 'ஏதோ' என்று எழுதியிருக்கிறீர்கள். மல்லாவியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் இதே முறைப்பாடு எனக்குப் பல தடவை வந்திருக்கிறது. ஆனால், வழிகாட்டியை விறாந்தையில் இருத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். திருவிழா முடிந்த இரவில் அத்தனை வயரையும் சுற்றி எடுத்து, அடுத்த கோயிலில் முடிச்சு விழாமல் விரித்தவர், மகன் முழங்கையில் கேபிளைச் சுற்றுவதை அறிந்துகொண்டு வாய் மூடி இருப்பாரா? முழங்கையில் சுற்றாதே என்பதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழிலைக் கற்ற தகப்பனுக்குச் சோறும் மருந்தும் கொடுப்பதோடு மகனின் கடமை தீர்ந்துவிடுகிறது என்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவர் வாய் திறக்கும்போது கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதும் அந்தக் கடமையில் அடங்கியதுதான்.

நீங்கள் கேபிளைக் கிணற்றுக் கயிறாக நினைத்துவிட்டீர்கள். கயிற்றுக்கு உள்ளும் புறமும் ஒன்று. ஆர்ஜி-6 போன்ற கோஆக்சியல் கேபிளிலோ, நடுக்கம்பி, அதைச் சூழ்ந்த வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக், அதன்மேல் மென்தகடு, பின்னிய கம்பிவலை, வெளியுறை என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையிலுள்ள தூரம் முழு நீளத்திலும் ஒரே அளவாக இருந்தால்தான் அந்தக் கேபிளுக்குரிய 75 ஓம் மின்மறுப்பு, அதாவது சமிக்ஞை தடங்கலின்றி ஓடுவதற்கான அளவு, நிலைத்து நிற்கும். ஓரிடத்தில் நுரை நசுங்கினாலும் அந்த அளவு மாறி, டிஷ்ஷிலிருந்து 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில் இறங்கி வருகிற சமிக்ஞையின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். ஆர்ஜி-6 ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. வளைவின் ஆரை தடிப்பின் 10 மடங்குக்குக் குறையக்கூடாது என்பது பொதுவான விதி. ஆகவே 14 சென்ரிமீற்றர் விட்டத்திலும் சிறிய வளையம் ஆகவே ஆகாது. முழங்கையில் சுற்றினால் நீங்கள் பெறுவது வட்டமல்ல, இரண்டு முனையிலும் மடிந்த ஒடுங்கிய கண்ணி. அதோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முழு முறுக்கு உள்ளே ஏறுகிறது. பிறகு அதை ஆணியில் தொங்கவிட்டால், சுருளின் பாரம் முழுவதையும் ஆணியில் படுகிற அந்தச் சிறிய இடம் சுமக்கிறது. ஆவணி வெயிலில் தகரத்தின் கீழ் நுரை இளகும்போது நடுக்கம்பி வளைவின் உட்பக்கமாக மெல்ல நகர்கிறது. நகர்ந்த கம்பியை எவராலும் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது. எந்த உயர்ந்த வகையை வாங்கினாலும் இந்தச் சுற்றலில் அதற்கும் இதே கதிதான்.

இன்று பின்னேரமே ஒரு துண்டை அப்பாவின் கையில் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்காரர் வழமையாகச் செய்வது இதுதான்: முதல் வளையத்தை இயல்பாக இடக்கையில் வைப்பார்கள், இரண்டாவதுக்கு வலது மணிக்கட்டை உள்நோக்கித் திருப்பி, கேபிளின் நீண்ட பகுதி அந்த வளையத்துக்குப் பின்னால் போகும்படி பிடிப்பார்கள், அடுத்தது மறுபடி இயல்பாக. ஒரு வளையத்தில் ஏறிய முறுக்கை அடுத்த வளையம் இறக்கிவிடும். கேபிள் எந்தப் பக்கம் சாய விரும்புகிறது என்பதை விரல்தான் உணர வேண்டும், இதற்குக் கண் தேவையில்லை. வளையங்கள் 40 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். சுற்றி முடித்தபின் நுனி வளையங்களுக்கு நடுவே நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைந்தால் ஒன்றுவிட்டு ஒரு வளையம் முடிச்சாகும். புதிய சுருளிலிருந்து இழுக்கும்போது உருளையைத் தண்டில் கோத்துச் சுழலவிடுங்கள். பக்கவாட்டாக உருவினால் அங்கேயே முறுக்கு ஏறிவிடும்.

கட்டுவதற்குக் கட்டுக்கம்பி வேண்டாம். பழைய சாரத்தைக் கிழித்த துணி போதும், அதையும் இறுக்காமல் மூன்று இடத்தில் கட்டுங்கள். சுருள்களை வெயில் படாத, எலி ஏறாத பலகைத் தட்டில் படுக்கையாக வைத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் எழுதி ஒட்டுங்கள். வெட்டிய நுனி எதையும் திறந்தபடி விடாதீர்கள். மாரி காலத்து ஈரம் கம்பிவலை வழியே உள்ளே ஊறும். டிஷ்ஷின் முன்னால் சமிக்ஞையை வாங்கும் தலைக்கு 13 அல்லது 18 வோல்ற் மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது என்பதால், ஈரம் புகுந்த மூட்டு வெகு விரைவில் அரித்துப்போகும்.

அந்த 14 துண்டுகளையும் எறிய வேண்டாம். ஒவ்வொன்றையும் முற்றத்தில் நீட்டி, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அப்பாவின் இரண்டு விரல்களுக்கிடையே மெதுவாக உருவவிடுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத நசுங்கலை அவருடைய விரல் காட்டிக்கொடுக்கும். அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில், அவசரப்படுத்தாமல், வெட்டுங்கள். மிஞ்சும் இரண்டு பாதிகளும் சிறிய வீடுகளுக்கு உதவும். நுனியில் வலை கறுத்தோ நடுக்கம்பி பச்சை பிடித்தோ இருந்தால், செம்பு சிவப்பாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போய், அதன் பிறகுதான் புதிய முனையைப் பூட்ட வேண்டும்.