கணவாய் விலை: கேட்டீர்கள், சொல்கிறேன்

ஏற்றுமதிக்குக் கணவாய் கொள்முதல் செய்வது என் வேலை. வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

அண்ணே, நான் தென்கொரியாவில் இருக்கிறேன். இங்கே கணவாயைத் தங்கம் என்கிறார்களே, கேலியா? (முத்து)

வயிற்றெரிச்சல் தம்பி! அவர்கள் மொழியில் கணவாய் ஓஜிங்கோ, தங்கம் கும். இரண்டையும் ஒட்டிக் கும்ஜிங்கோ ஆக்கிவிட்டார்கள். 2000-களில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் கண்ட நாடு, 2024-இல் பிடித்தது சுமார் 13,500 டன். கடல் சூடேறிக் கூட்டம் இடம் மாறிவிட்டது. வடகொரியக் கடலில் சீனப் படகுகள் வாரியதும் சேர்ந்துகொண்டது. ஜப்பானில் 1968-இல் 6.6 லட்சம் டன், 2023-இல் 20 ஆயிரம் டன் அளவுதான்.

ஒரு வருடம் விட்டுப் பிடித்தால் பெருகிவிடாதா? (சரண்யா)

மற்ற மீன் என்றால் போன வருடக் குஞ்சு, அதற்கு முந்தினது எல்லாம் கடலில் மிச்சம் இருக்கும். கணவாய்க்கு ஆயுசே ஏறத்தாழ ஒரு வருடம், முட்டையிட்டதும் செத்துவிடும். கையிருப்பு கிடையாது. அர்ஜென்டினாக் கணவாய் 2015-இல் 10 லட்சம் டன் கிடைத்தது, அடுத்த வருடம் ஒன்றரை லட்சம். அர்ஜென்டினாவுக்குக் கிழக்கே இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளில் மட்டும் மூன்றரை லட்சம் டன் சில ஆயிரமாகச் சுருங்கியது. விட்டுப் பிடிப்பது நல்லதுதான், ஆனால் அந்த வருடம் கடல் நீர் குஞ்சுக்கு ஒத்துவர வேண்டுமே.

201-வது மைல் என்கிறார்களே, அது என்ன? (ஜோசப்)

அர்ஜென்டினாவின் உரிமை 200 கடல் மைலோடு முடிகிறது. அதைத் தாண்டினால் கணவாய்க்கு அளவு வைக்க ஆளில்லை. பருவத்தில் நூற்றுக்கணக்கான கப்பல்கள், பெரும்பாலும் சீனாவுடையவை, விளக்கேற்றி நிற்கும். விண்வெளியிலிருந்து பார்த்தால் ஊர் மாதிரி தெரியும். வெளிச்சத்துக்கு வரும் கணவாய் கப்பலின் நிழலோரம் பதுங்கும். இயந்திரம் கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுக்க, இரையில்லாத தூண்டிலைக் கட்டிக்கொண்டு மேலே வரும். 2020 முதல் சீனா தானாகவே அங்கு மூன்று மாதத் தடை வைத்திருக்கிறது, ஜூலை முதல் செப்டம்பர் வரை. கணவாய் குறைந்த மாதங்களில் தடை என்ன தடை என்பதுதான் என் சந்தேகம்.

ஒன்றரை மீட்டர் வளரும் பெருங்கணவாய் மட்டும் ஏன் மலிவு? (கதீஜா)

பொத்தாவைக் கேட்கிறீர்கள். அதன் சதையில் அம்மோனியம் குளோரைடு இருப்பதால் அப்படியே சமைத்தால் புளிப்பும் கசப்புமாக இருக்கும். ஆலையில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தித்தான் வளையமாக வெட்டுவார்கள். நம் ஊசிக் கணவாய்க்கு அந்தப் பாடில்லை, அதனால்தான் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் 2023-24 எல் நினோவில், அதாவது பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடேறிய காலத்தில், பொத்தா வரத்தே குறைந்துபோனது, அப்போது அதுவும் விலை ஏறிவிட்டது.